அச்சத்திற்கு மருந்து அளவறிதல்
(மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



என் தமக்கையார்க்கு மருத்துவர் 'மேமோகிராம்' எடுக்குமாறு சீட்டு எழுதித் தந்தார். அச்சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஓராண்டைக் கழித்தார் அவர். எக்ஸ்ரே கதிரே புற்றுநோயைத் தந்துவிடும் என்னும் அச்சமே காரணம். பின்னர்ப் பரிசோதித்தபோது கட்டி வளர்ந்திருந்தது. அறுவை சிகிச்சையால் நலம் பெற்றார். எனினும் இழந்த ஓராண்டு இழந்ததே. அவ்வச்சத்தின் அளவை அறிய விழைந்தே யான் சில நூல்களைக் கற்றேன்.

மார்பகத்தில் கொழுப்பும் சுரப்பித் திசுவும் கலந்துள்ளன. கதிரால் ஊறு நேரக்கூடியது பெரிதும் சுரப்பித் திசுவுக்கே. ஆதலின் அது ஏற்கும் சராசரிக் கதிரளவையே அறிஞர் கணக்கிடுகின்றனர். உடலினுள் கருவி வைத்து அதனை அளத்தல் இயலாது. மேற்பரப்பை அடையும் கதிரை அறிந்து, அழுத்திய மார்பகத்தின் தடிமன், திசுக் கலப்பு, கதிரின் தன்மை ஆகியவற்றுக்குரிய எண்களால் பெருக்கிக் காண்பர். இங்கிலாந்து அறிஞர் டேவிட் டான்ஸ் 1990இல் இதற்கு அடிகோலி, 2000இல் பிறரோடு சேர்ந்து விரிவாக்கினார்.

சுரப்பி பாதி, கொழுப்பு பாதி என்னும் மாதிரியே நெடுங்காலம் அளவுகோலாய் இருந்தது. பெரும்பாலோரிடம் சுரப்பியின் பங்கு பாதியினும் மிகக் குறைவு என்பதைக் கனடாவின் மார்ட்டின் யாஃபே குழுவினர் 2009இல் காட்டினர். வகுப்பின் சராசரி மதிப்பெண் 50 என்பதால் ஒவ்வொரு மாணவியும் 50 பெற்றாள் என்று எந்த ஆசிரியரேனும் எழுதுவாரோ? அவ்வாறே, ஒருத்தியின் கதிரளவு அவள் உடலமைப்பைப் பொறுத்தது. இன்று அவரவர் படத்திலிருந்தே திசுக் கலப்பைக் கணித்து, அவரவர்க்குரிய அளவை மதிப்பிடும் மென்பொருள்கள் வந்துள்ளன. அதுவும் மதிப்பீடே; எனினும் பொதுச் சராசரியினும் மெய்க்கு அணித்தானது.

அமெரிக்க விதிப்படி, 4.2 செ.மீ. தடிமனுள்ள மாதிரி மார்பகத்துக்கு ஒரு படத்தின் அளவு 3 மில்லிகிரேயைக் கடத்தலாகாது. வழக்கமான முழுப் பரிசோதனையின் கதிர், இயற்கையிலிருந்து சில வாரங்களில் நாம் ஏற்பதற்கு ஒப்பாகும். பலரும் வெறுக்கும் அவ்வழுத்தமும் நன்மைக்கே; தடிமன் குறைந்தால் குறைந்த கதிரே போதும், படமும் தெளிவாகும்.

தாய்மார்களே! பழைய படங்களைப் பேணி எடுத்துச் செல்லுங்கள். கருவுற்றிருப்பின் முன்னரே கூறுங்கள். கதிரளவு எவ்வளவு என்று தயங்காது கேளுங்கள். ஆனால் சீட்டைப் பெட்டியில் பூட்டாதீர்கள்.