துப்பாதீர்கள்

கோவில்பட்டியில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு இளையரசனேந்தலுக்குப் பஸ்ஸில் திரும்புகிறவர், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நிமிஷத்துக்கொரு முறை துப்பிக்கொண்டே வருவதுண்டு. வாயில் ஊறுவதெல்லாம் ரத்தம் என்று அவருக்குப் பயம். உண்மையில் அது பெரும்பாலும் எச்சில்தான். துளி ரத்தம் கலந்தாலே முழுவதும் சிவந்துவிடும். துப்ப வேண்டாம், விழுங்கிவிடுங்கள்.

பல் இருந்த குழியில் ரத்தம் தானே உறைந்து, மண்வெட்டியால் அப்போதுதான் அணைத்த ஈர வரப்பைப் போல மெல்ல இறுக வேண்டியிருக்க, துப்புவதும் கொப்பளிப்பதும் உறிஞ்சிக் குடிப்பதும் பீடி இழுப்பதும் அந்த உறைவைப் பெயர்த்து, ரத்தத்தை மறுபடியும் திறந்துவிடுவதோடு, இரண்டு மூன்று நாளில் காதுவரை பாயும் கொடிய வலிக்கும் காரணமாகலாம்.

வைத்தியர் வைத்த பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். நின்றதா என்று எடுத்தெடுத்துப் பார்க்கும் ஆவல்தான் பாதி உபத்திரவத்துக்கு மூலம். கசிவு தொடர்ந்தால், சுத்தமான துணியை நனைத்து மடித்துக் குழியின் மேலேயே வைத்து மறுபடியும் கடியுங்கள். அன்றைக்குச் சூடான காபி கூடாது. ஆறிய கஞ்சி உத்தமம். உப்புநீரால் கொப்பளிப்பது மறுநாள்தான், அதுவும் மெதுவாக. அந்த நீரையும் துப்ப வேண்டாம், தானாக வழியவிடுங்கள்.

இருதய வியாதிக்காக ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், பல்லைப் பிடுங்குமுன்பே வைத்தியரிடம் சொல்லிவிடுவது அவசியம். மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் அபாயம். அழுத்திக் கடித்தும் வாய் நிறைய ரத்தம் வந்துகொண்டேயிருந்தால், ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிடுங்கள்.