சினை என்னும் சொல்லும் கருமுட்டையின் மரபணுவும்



மொழியியல் பயின்றோர் கால்நடையின் கருமுட்டை பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் இப்பொருளுக்குள் நாம் நுழையும் வாயில் ஒரு சொல்லே. அது 'சினை' என்பது. இலக்கணத்தில் சினை என்பது முதலின் உறுப்பு. மரத்தின் கிளையும் சினை. மீனின் வயிற்றிலுள்ள முட்டைத் திரளும் சினை. மாடு கருவுற்றால் சினையாயிருக்கிறது என்கிறோம். உறுப்பு, கிளை, முட்டை, கரு ஆகிய நான்கையும் ஒரே சொல் தாங்குகிறது. இதனால் முன்னோர் மரபணுவியல் அறிந்திருந்தனர் என்று நாம் சொல்ல வரவில்லை. கால்நடையோடு வாழ்ந்தோர் கண்டதைச் சொல்லாக்கினர் என்பதே நம் கருத்து. தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் வகுத்துக் கூறுவதும் அக்கூர்நோக்கின் பயனே.

அந்நோக்கு கடல் கடந்தும் வந்தது. பால்மரம் வெட்ட வந்த நம் மக்கள் மாடு வளர்ப்பைக் கைவிடவில்லை. இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்று வகைப்படுத்தும் இனம், இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழியில் தோன்றியதே. லயத்துக்குப் பின்னே கொட்டகை கட்டி வாழ்ந்த குடும்பங்களின் பேச்சில் கிடேரி, தலையீற்று, காளைக்கு வருதல், வறட்டு மாடு போன்ற சொற்கள் உயிரோடிருந்தன. அவற்றோடு ஒரு கொடுஞ்சொல்லும் இருந்தது. அது 'மலடு'. சினை பிடிக்காத மாட்டை அச்சொல் இறைச்சிக் கடைக்கு அனுப்பியது. பிள்ளையில்லாப் பெண்ணை அதே சொல் விழாவிலும் மணப்பந்தலிலும் ஓரத்தில் நிறுத்தியது. அச்சொல்லுக்குள் குற்றச்சாட்டு இருந்தது, காரணம் இல்லை. காரணத்தை அறிவியலிடம் கேட்போம்.

பசுவின் கருமுட்டைகள் அது கன்றாய்ப் பிறக்கும் முன்பே, தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பசுவின் உடலணு ஒவ்வொன்றிலும் 60 நிறப்புரிகள் உண்டு, செம்மறியாட்டுக்கு 54. கருமுட்டையோ இவற்றிற் பாதியை மட்டுமே கன்றுக்குக் கொடுக்க வேண்டும். பாதியாக்கும் அப்பிரிவு, கன்று பிறக்குமுன் தொடங்கி நடுவில் நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து, முட்டை வெளிப்படும் வேளை நெருங்கும்போதுதான் அது மீண்டும் தொடர்கிறது. பெரும்பாலான முட்டைகள் அந்நாளைக் காணாமலே அழிகின்றன. ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் பசு, பொதுவாக ஒரு முட்டையையே வெளியிடுகிறது.

முட்டை சும்மா கிடக்கும் விதையன்று. தன்னைச் சூழ்ந்த அணுக்களுக்குப் புரதங்களின் வழியாக அது கட்டளையிடுகிறது; அவ்வணுக்கள் அதற்கு உணவூட்டி, முதிரும் காலத்தைக் குறிக்கின்றன. இவ்வுரையாடல் எங்கே பிசகினாலும் சினை பிடிப்பதில் மாற்றம் நேரும்.

இதற்குச் சிறந்த சான்று வங்கத்துச் சுந்தரவனப் பகுதியின் காரோல் செம்மறியாடு. உருவிற் சிறியது, ஆனால் ஓர் ஈற்றில் இரண்டு, மூன்று குட்டிகளை ஈனும். 1792, 1793 ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து ஆத்திரேலியாவுக்குச் சென்ற ஆடுகளின் வழியாக இப்பண்பு அங்குள்ள பூரூலா மெரினோ மந்தையை அடைந்தது எனக் கருதப்படுகிறது. 2001இல் அதன் மரபணுக் காரணம் வெளியாயிற்று. முட்டையின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் ஓர் ஏற்பிப் புரதத்தில் 249ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறியிருந்தது. மரபணுவில் அது ஓரெழுத்து மாற்றமே. 'அரம்' என்பதில் ஓரெழுத்து மாற 'அறம்' ஆவதைப் போன்றது அது. அண்டையிலுள்ள சாவகத்தின் மெல்வால் செம்மறிகளிலும் அதே மாற்றம் உண்டு. மகாராட்டிரத்தின் பல்தான் நகரிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம், காரோலின் இம்மரபணுவைத் தக்காணி ஆடுகளுக்குள் கொணர்ந்து 'நாரி சுவர்ணா' என்னும் வகையை உருவாக்கியது.

இனி, மறுபக்கம். நியூசிலாந்தின் இன்வர்டேல் ஆடுகளில் வேறொரு மாற்றம் உள்ளது. கருமுட்டையே சுரக்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் அமைந்த இது, 2000இல் அடையாளம் காணப்பட்டது. அம்மாற்றம் ஒரு படி மட்டும் இருந்தால் ஆடு கூடுதல் முட்டைகளை வெளியிடும். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகள் சேர்ந்தால், சூலகம் வளராமலே போய், அந்த ஆடு ஒருநாளும் சினையாகாது. ஒரே மரபணு, ஒரு பெட்டைக்குப் பெருக்கத்தையும் அவள் மகளுக்கு வெறுமையையும் தருகிறது. இங்கே யாரைக் குற்றம் சொல்வது? காளைக் கன்றோடு இரட்டையாய்ப் பிறக்கும் கிடேரி பெரும்பாலும் சினை பிடிப்பதில்லை. கருப்பையில் இரண்டின் குருதியும் கலந்து, ஆண்கன்றின் சுரப்புகள் அதன் சூலகத்தைக் கெடுத்ததே காரணம். 'மலடு' என்னும் ஒற்றைச் சொல் இத்தனை வேறுபாடுகளையும் மறைத்துவிட்டது.

பெருக்கம் ஒன்றே நன்மை என்பதும் பொருந்தாது. செம்மறியாட்டுக்கு இரண்டு காம்புகளே உள்ளன. மூன்று குட்டி ஈன்றால், தீனியும் கவனிப்பும் குறைந்த இடத்தில் மூன்றாவது பட்டினி கிடக்கும். ரப்பர் மரங்களுக்கிடையே செம்மறி மேய்க்கும் முறையை ஆராய்ந்த நாடு இது. நிழலில் வளரும் புல் எத்தனை வாய்க்குப் போதும் என்று கணக்கிட்ட பின்னரே மரபணுவைத் தேட வேண்டும்.

கருமுட்டை தரும் இன்னொரு கொடை, நெகிரி செம்பிலான் மாநிலத்தார்க்கு எளிதில் விளங்கும். அணுவின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்டிரியாவுக்குத் தனி மரபணுத் தொகுதி உண்டு. அது தாயின் முட்டை வழியே மட்டும் இறங்குகிறது. மகனுக்கும் கிடைக்கும், ஆனால் மகள் வழியாகவே தொடரும். இங்குள்ள மலாய்ச் சமூகத்தின் அடாட் பெர்ப்பாத்தே வழக்கில் சுக்கு எனப்படும் குலம் தாய்வழி வருவது போன்றதே இது. நம் தோட்டத்து மாட்டின் ஊர் எதுவென அறிய விரும்புவோர் தேட வேண்டியதும் இத்தாய்வழியையே. தோட்டங்கள் செம்பனைக்கு மாறிக் குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர, கொட்டகைகள் கலைகின்றன. கடைசிப் பசு விலைபோகும் நாளில் அவ்வழியும் அறும். அதனோடு கிடேரி, தலையீற்று என்னும் சொற்களும் போகும்.

எனவே ஆசிரியர்களிடம் நமக்கொரு வேண்டுகோள் உண்டு. நிறப்புரிகள் பாதியாகும் பிரிவைத் தமிழகத்தார் குன்றல் பகுப்பு என்பர். இலங்கையார் ஒடுக்கற்பிரிவு என்பர். தமிழகப் பாடநூலின் 'செல்' இலங்கையில் 'கலம்' ஆகும். எது சிறந்தது என்னும் வழக்கில் காலம் கழிக்க வேண்டா. இரண்டையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்தலாம். 2003இல் இந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் அம்முடிவு கைவிடப்பட்டதை நாம் அறிவோம். மீண்டு வந்த வகுப்பறையில் கலைச்சொல்லோடு கொட்டகைச் சொல்லும் ஒலிக்கட்டும். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, சினைமாட்டை எவ்வாறு அறிவார் எனச் சொல்லச் செய்யுங்கள்; மாணவர் எழுதிக்கொள்ளட்டும். 'மலடு' என்னும் சொல்லை அகராதியிலிருந்து நீக்க வேண்டியதில்லை. அதைக் கேட்கும் பிள்ளை, 'என்ன காரணத்தால்?' என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொண்டால் போதும்.