உருவமும் உரிமையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்திலே அடுத்தவன் விடைத்தாளைப் பார்த்து எழுதினால் தண்டனை கிடைக்கும். சந்தையிலே அடுத்தவன் பொருளைப் பார்த்துச் செய்தாற் கிடைப்பது பெரும்பாலும் இலாபமே. ஒருவன் காலமும் பணமும் செலவிட்டுப் புதியதோர் உருவத்தை அமைக்கிறான். மற்றவன் நோகாமல் அதைப் பார்த்துச் செய்கிறான். இதைத் தடுப்பது எங்ஙனம்? ஒரு போத்தலின் கதையைச் சொல்லுகிறேன்.

1915ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே கொக்கா கோலா பானத்துக்குப் போலிகள் பெருகியிருந்தன. பெயரிற் சிறு மாற்றம். போத்தலோ ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, இருளிலே தடவினாலும், உடைந்து நிலத்திற் கிடந்தாலும், இன்னதென்று அறியக்கூடிய போத்தல் வேண்டுமெனக் கண்ணாடித் தொழிற்சாலைகளைக் கேட்டனர். இந்தியானா மாநிலத்து ரூட் கண்ணாடிக் கம்பனியைச் சேர்ந்த ஏர்ல் டீன் என்பவர், கலைக்களஞ்சியத்திற் கண்ட கொக்கோக் காயின் படத்தைப் பார்த்து, வரிகளோடு கூடிய வளைந்த உருவத்தை வரைந்தார். அவ்வாண்டு நவம்பர் 16ஆந் திகதி அதற்கு வடிவ ஆக்கவுரிமை கிடைத்தது.

ஆனால் இவ்வுரிமைக்கு ஆயுள் உண்டு. அது முடிந்தால் எவரும் அவ்வுருவைச் செய்யலாம். கம்பனி 1923இலும் 1937இலும் புதிய பதிவுகள் பெற்றுக் காலத்தை நீட்டியது. அதற்குள் உருவத்தைக் கண்டே பானத்தை இனங்காண மக்கள் பழகிவிட்டனர். எனவே 1960இல் அப்போத்தல் வியாபாரக் குறியாகவே பதியப்பட்டது. வியாபாரக் குறியைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், அதற்கு முடிவில்லை.

அப்படியானால் எந்த உருவத்தையும் என்றென்றும் பூட்டி வைக்கலாமோ? இயலாது. லெகோ விளையாட்டுக் கட்டையின் உருவத்தை வியாபாரக் குறியாக ஏற்க ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் மறுத்தது. ஒன்றோடொன்று பொருந்துவதற்கே அவ்வுருவம் அமைந்தது. தொழிற்பாட்டுக்கு வேண்டிய உருவத்தை ஒருவரே முடிவின்றி வைத்திருக்கலாகாது என்பது அதன் கருத்து. இது நீதியென்றே எனக்குப் படுகிறது.

நமது நாட்டில், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிந்த கைத்தொழில் வடிவமைப்புக்கு 5 ஆண்டு உரிமை உண்டு. இருமுறை புதுப்பித்தால் 15 ஆண்டு. வடிவம் புதியதாயிருத்தல் வேண்டும். ஆதலால், இளைஞர்களே, புதியதொன்றை ஆக்குவீர்களாயின், அதைக் கண்காட்சியில் வைத்துப் பாராட்டுப் பெறுமுன் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பார்த்துப் பழகுவது கல்வி. பார்த்துப் பறிப்பது களவு. முந்தியவனின் உழைப்புக்குக் கூலியும், பிந்தியவன் நடக்க வழியும் இருத்தல் வேண்டும். சட்டம் குறிக்கும் காலவெல்லை இவ்விரண்டையும் நோக்கியதே.