மெனின் வாயிலில் இரவு 8 மணி

1918 நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்குத்தான் முதல் உலகப் போர் ஓய்ந்தது. போரில் மாண்டவர்களுக்காகப் பிரிட்டனில் ஆண்டுதோறும் அதே நாளில், அதே நேரத்தில் 2 நிமிடம் மௌனம் காப்பார்கள்.

எனக்கு இந்த நாளில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரம்தான் நினைவுக்கு வரும். அங்கே மெனின் வாயில் என்றொரு பெரிய வளைவு இருக்கிறது. 1927-இல் திறந்தது. போரில் மடிந்து, கல்லறைகூட அமையாமல் போன 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள். நம் நாட்டுச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு.

தினமும் இரவு 8 மணிக்கு அந்த வளைவின் வழியே செல்லும் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். தீயணைப்புப் படையைச் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள் நடுச்சாலையில் நின்று எக்காளம் ஊதுவார்கள். யார் உத்தரவும் இல்லை, 1928-இல் ஊராரே தொடங்கியது. தங்கள் ஊரைக் காக்க வந்தவர்களுக்கு எத்தனை பெரிய நன்றிக்கடன்!

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்தபோது இந்த வழக்கம் நின்றது. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படை ஊரை மீட்டது. ஒரு பக்கம் சண்டை ஓயவில்லை. ஆனாலும் அன்று மாலையே எக்காளம் மீண்டும் ஒலித்தது.

ஊரைச் சுற்றிப் போர் நடந்த வயல்களில் இன்றும் எலும்புகள் கிடைக்கின்றன. ஆள் யாரென்று தெரிந்தால் முறைப்படி அடக்கம் செய்து, பெயர் பொறித்த கல்லறைக்கல் வைக்கிறார்கள். அதன்பின் மெனின் வாயிலின் சுவரிலிருந்து அந்தப் பெயரை நீக்குகிறார்கள்.