குடிசைக்கும் மின்சாரம்: கேட்டுப் பெறுவது எப்படி?

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கூடிய ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் முன்பு பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய தென்னாற்காடு ஜில்லாவைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நெய்வேலியும் நம் விழுப்புரமும் திண்டிவனமும் அன்று ஒரே ஜில்லா. 1962ல் சோவியத் நாட்டின் உதவியோடு நெய்வேலி அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மண்ணைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்தவன் நம் ஜில்லாக்காரன். அங்கிருந்து கிளம்பிய மின்சாரம் நம் தலைக்கு மேலே, நாம் நாற்று நட்ட வயலுக்கு மேலே, பெரிய கம்பிகளில் போயிற்று. கம்பிக்குக் கீழே இருந்த சேரிகளில் சிம்னி விளக்குதான் எரிந்தது. அந்த நிலை வெகுவாக மாறிவிட்டது. ஆனாலும் சர்க்கார் கொடுக்கிற சலுகை கடைசி வீடு வரை போய்ச் சேருகிறதா என்று பார்த்தால், இல்லை. எங்கே நிற்கிறது, அதை எப்படி இழுத்து வருவது என்பதைத்தான் இன்று பேச வந்தோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்வோம். "இலவசம் வாங்குவது கௌரவக் குறைவு" என்று சிலர் நினைக்கிறார்கள். யார்தான் வாங்கவில்லை? 1984ல் சிறு விவசாயிகளின் பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. அது வேண்டாத காரியம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்காக விவசாயிகள் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். ஆனால் பம்பு வைத்திருப்பவருக்குக் கிணறு உண்டு, நிலம் உண்டு. கூலிக்குப் போகிறவனுக்கு என்ன உண்டு? குடிசையும் அதில் ஒரு விளக்கும்தான். நமக்குச் சலுகை தருவதால் விழும் தொகையைச் சர்க்கார் தன் கஜானாவிலிருந்து மின்சார நிறுவனத்துக்குக் கட்டுகிறது. அந்தக் கஜானாவுக்குச் சோப்பு போன்ற சாமான்களில் வரி கட்டுகிறவர்கள் நாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

நமக்குள்ள சலுகை இரண்டு வகை. ஒன்று குடிசை இணைப்பு. கிராமப் பஞ்சாயத்தில் 250 சதுர அடிக்கு மேற்படாத, மண் சுவர் வைத்த, கூரையோ ஓடோ தகரமோ போட்ட வீடு என்றால் அது குடிசை. அதற்கு 40 வாட்டுக்கு மேற்படாத ஒரு விளக்கு. 2006க்குப் பிறகு சர்க்கார் இலவச டெலிவிஷன் கொடுத்தபோது அதற்காக 70 வாட் சேர்த்தார்கள். அரசு வீட்டு வசதித் திட்டங்களில் ஆதி திராவிடர்களுக்குக் கட்டிய வீடுகள் சிலவற்றுக்கும் இந்த முறை உண்டு.

இரண்டாவது எல்லா வீட்டுக்கும் உள்ளது. 2016 மே 23ம் தேதி அறிவித்தார்கள்: இரண்டு மாதக் கணக்கில் முதல் நூறு யூனிட் இலவசம். ஆகவே குடிசையைக் காரை வீடாக மாற்றினால் சலுகையே போய்விடும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. குடிசை இணைப்பு சாதாரண வீட்டு இணைப்பாக மாறும். அப்போதும் வீட்டு இணைப்புக்கு உள்ள நூறு யூனிட் சலுகை உண்டு.

நூறு யூனிட் என்றால் எவ்வளவு? தாய்மார்கள் இந்தக் கணக்கைக் கவனியுங்கள், மீட்டர் எடுக்க வருகிறபோது வீட்டில் இருப்பது நீங்கள்தானே. 40 வாட் விளக்கு தினம் ஐந்து மணி எரிந்தால் அறுபது நாளைக்கு 12 யூனிட். அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால் மூன்று யூனிட்டுக்கும் குறைவு. 75 வாட் மின்விசிறி இரவு எட்டு மணி நேரம் சுற்றினால் 36 யூனிட். 70 வாட் டெலிவிஷன் நாலு மணி நேரம் பார்த்தால் 17 யூனிட். எல்லாம் சேர்த்தும் 65 தான். ஆக ஒரு விளக்கு, விசிறி, டெலிவிஷன் உள்ள குடும்பம் ஒரு பைசா கட்டாமல் இருக்க முடியும். கட்டுகிறோம் என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

எங்கே கோளாறு? பெரும்பாலும் வாடகை வீட்டில். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் பக்கமும் விழுப்புரம் ரயில்வே ஜங்ஷன் பக்கமும் ஒரு காம்பவுண்டுக்குள் நாலு குடித்தனம் இருப்பதைப் பார்க்கலாம். மீட்டரோ ஒன்று. 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். பின்னால் வந்த மாற்றங்களில் விலை கூடியிருக்கிறது, ஆனால் பாதகம் எப்படி வருகிறது என்பதை இதிலேயே காணலாம். குடித்தனத்துக்கு 130 யூனிட் என்றால் நாலுக்கும் 520. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டது. நடுவில் இருந்த பாதி விலைச் சலுகை போயிற்று. முதல் நூறு இலவசம், அடுத்த 300க்கு நாலரை ரூபாய் வீதம் 1,350, அடுத்த நூறுக்கு 600, கடைசி இருபதுக்கு 160. ஆக 2,110 ரூபாய். அதே நாலு குடும்பத்துக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால்? தலைக்கு நூறு போக 30 யூனிட், யூனிட் இரண்டே கால் ரூபாய், 67 ரூபாய் 50 காசு. நாலுக்கும் சேர்த்து 270. 

இரண்டாயிரத்து நூற்றுப் பத்து எங்கே, இருநூற்று எழுபது எங்கே! இதற்கு மேலே, உள் மீட்டர் ஒன்றை மாட்டி யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலிக்கிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். எட்டு ரூபாய் வீதம் 130 யூனிட்டுக்கு 1,040 ரூபாய். ஆலையில் கூலி உயர்வுக்கு எத்தனை நாள் வாசலில் நிற்கிறோம்! அந்த உயர்வு இப்படி ஒரு சின்ன டப்பா வழியாக ஓடிவிடுகிறது.

"வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாரே" என்று கேட்பீர்கள். 2003ம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 43வது பிரிவைப் பாருங்கள். சொந்தக்காரர் மட்டுமல்ல, குடியிருப்பவர் கேட்டாலும் மின்சாரம் கொடுப்பது விநியோகிப்பவரின் கடமை. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தராததைக் காரணம் காட்டிக் குடியிருப்பவருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. நம் மாநில விநியோக விதிகளிலேயே வழி இருக்கிறது: வாடகை ரசீதோ ஒப்பந்தமோ காட்டி, நஷ்ட ஈட்டு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வைப்புத் தொகையை இரு மடங்கு கட்டினால் இணைப்புக் கேட்கலாம். இரு மடங்கு என்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை. அத்தோடு குடித்தனங்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும், வயரிங்கும் தனியாக இருக்க வேண்டும். வாடகை ரசீதோ ஒப்பந்தமோ இல்லாமல் இது எதுவும் நடக்காது. ஆகவே இந்த மாதம் முதல் ரசீது கேளுங்கள். ஒருவர் கேட்டால் வீட்டைக் காலி செய் என்பார். காம்பவுண்டில் உள்ள நாலு பேரும் சேர்ந்து போங்கள்.

ஆதார் விஷயம். 2022 நவம்பரில் மின் இணைப்பு எண்ணோடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னார்கள்; கெடுவைத் தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரி கடைசி வரை கொண்டு போனார்கள். வாடகைக்காரரும் தம் ஆதாரைச் சேர்க்க அதில் இடம் இருந்தது. கரும்பு வெட்ட வெளியூர் போனவர்கள் பலர் விடுபட்டிருப்பார்கள். இணைப்பு இன்னும் செத்துப்போன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கிறதென்றால், வாரிசுக் காகிதங்களோடு பிரிவுக் காரியாலயத்துக்குப் போய்ப் பெயர் மாற்றி விடுங்கள். பின்னால் தகராறு என்று வந்தால் செத்தவர் வந்து மனுப் போட மாட்டார்.

2024 நவம்பர் 30ம் தேதி பெஞ்சல் புயல் அடித்ததே, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது எத்தனை வீட்டில் பட்டாவும் ரசீதும் தண்ணீரோடு போயிற்று! இணைப்பு எண்ணை மட்டுமாவது பிள்ளைகளின் நோட்டில் எழுதி வையுங்கள், செல்போனில் படமெடுத்தும் வையுங்கள். அந்த எண் இருந்தால் மற்றதைத் தேடி எடுத்துவிடலாம். கணக்கெடுத்த தேதியையும் குறித்துக் கொள்ளுங்கள். அறுபது நாளுக்குப் பதில் எழுபது நாள் கழித்து வந்து எடுத்தால், இலவசத்தைத் தாண்டுவது உங்கள் குற்றமல்ல.

கம்பம் நட இவ்வளவு, மீட்டர் மாட்ட இவ்வளவு என்று யாராவது தனியாகக் கை நீட்டினால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பணம் சர்க்கார் பணமல்ல. பிரிவுக் காரியாலயத்து உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள், ஒரு நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். போனில் சொல்ல மின்னகம், எண் 94987 94987. புகார் எண்ணைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் விழுப்புரம் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

புறம்போக்கில் குடியிருப்பவர்கள் இன்று எங்களிடம் நிறையக் கேட்டார்கள். மரக்காணம் உப்பளப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் கேட்டார்கள். பட்டா இல்லை என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள். நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதம் மன்றத்துக்குப் போகும்போது உதவும். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். தெருத் தெருவாக, எந்த வீட்டில் இணைப்பு இல்லை, எந்த வீட்டில் ஒரு மீட்டரில் எத்தனை குடித்தனம் என்று ஒரு பட்டியல் எடுத்துத் தாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் இதை மேற்கொண்டால் ஒரு வாரத்தில் முடியும். பட்டியல் வந்ததும் மனுக்களை ஒரே நாளில், ஒரே கட்டாகக் கொண்டு போய்க் கொடுப்போம்.