ஏலத்தில் எடுக்கும் பழைய வேன்



தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்ததும் நடக்கும் ஏலத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அம்மன் மடியில் வைத்த ஓர் எலுமிச்சம்பழம் 100 வெள்ளிக்குப் போகும்; ஒரு வாழைத்தார் 200 வெள்ளிக்குப் போகும். அங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கூடக் கொடுத்த பணம் கோயிலுக்குத்தானே என்ற நிறைவோடு வீடு திரும்புகிறோம். இன்று நாம் பேசப்போவது வேறொரு ஏலம். கைத்தொலைபேசியிலேயே நடக்கும் பழைய வாகன ஏலம். இதில் கூடக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் நம் அடுப்படிப் பணம்.

இதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். தோட்டத்தில் 30 ஆண்டு, 35 ஆண்டு உழைத்து ஓய்வு பெறும் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரு பேச்சு எழுகிறது. ஒரு வேன் இருந்தால் காலைச் சந்தையில் பலகாரக் கடை போடலாம், காய்கறி ஏற்றலாம், அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக யாரையும் கெஞ்ச வேண்டாம் என்பதே அந்தப் பேச்சு. ஆசை நியாயமானது. வேன் வாங்கும் பணமோ, பெரும்பாலும் ஊழியர் சேமநிதியில் இருந்து வருகிறது. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குக் குறைந்தவர்களும் எந்த நேரத்திலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு ஒன்று சேமநிதியில் உண்டாகியிருக்கிறது. பணம் கைக்கு எளிதில் வருகிறது. வேனும் தொலைபேசித் திரையில் எளிதில் வருகிறது. பட்டணத்துத் தவுக்கே 18,000 வெள்ளி கேட்கும் வேன், ஏலத்தில் 6,000 வெள்ளியில் தொடங்குகிறது என்றால் யாருக்குத்தான் கை துடிக்காது?

அந்த 6,000 வெள்ளி, வேனின் விலை அல்ல. ஏலம் தொடங்கும் விலை மட்டுமே. வேனின் உண்மை விலை என்ன என்பதை, திரையைப் பார்ப்பதற்கு முன்பே நாம் வீட்டில் உட்கார்ந்து கணக்கிட வேண்டும்.

முதலில், இந்த வண்டிகள் எங்கிருந்து ஏலத்துக்கு வருகின்றன என்று தெரிந்துகொள்வோம். சில, பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழிப்பவை. நிறைய ஓடியிருக்கும், ஆனால் காலம் தவறாமல் எண்ணெய் மாற்றிய பதிவேடு இருக்கக்கூடும். எங்களைக் கேட்டால், கிடைப்பதற்குள் இவையே மேல். இன்னும் சில, தவணை கட்ட முடியாதவர்களிடமிருந்து வங்கிகள் இழுத்துக்கொண்டவை. தவணைக்கே பணம் இல்லாதவர் எண்ணெய் மாற்றப் பணம் வைத்திருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது வகை, விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, காப்புறுதி நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டுத் தள்ளிவிடுபவை. இவை பட்டறை வைத்திருப்பவர்களுக்கு உதிரிப்பாகங்களுக்கு ஆகும். நமக்கு ஆகாது.

இழுத்துவரப்பட்ட வண்டியைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அந்த வேனுக்குப் பின்னால் நம்மைப் போன்ற இன்னொரு குடும்பம் இருக்கிறது. நம்மில் பலரும் இப்போது மோட்டார் சைக்கிளுக்கோ காருக்கோ தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆகையால் சட்டத்தை அறிந்து வைப்பது நல்லது. 1967ஆம் ஆண்டின் தவணைமுறைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து 2 தவணை தவறினால்தான் வண்டியை எடுக்கும் நடவடிக்கை தொடங்கலாம். அதற்கும் முன்பு எழுத்தில் அறிவிப்பு கொடுத்து 21 நாள் பொறுக்க வேண்டும். வண்டியின் மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது. எடுத்த பிறகும் உடனே விற்றுவிட முடியாது. மறுபடி அறிவிப்பு கொடுத்து 21 நாள் தவணை தர வேண்டும். அந்தக் கடிதங்களைப் பயந்துபோய் அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒளித்து வைத்தால் நாள்தான் ஓடும். கடிதத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் பேசித் தீர்க்க வழி பிறக்கலாம். ஏலத்தில் வண்டி குறைந்த விலைக்குப் போனால், மீதிக் கடன் பழைய உரிமையாளர் தலையிலேயே நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வண்டியும் போய், கடனும் நிற்கும்.

இனி ஏலத்துக்கு வருவோம். ஏல நிபந்தனைகளில் தவறாமல் ஒரு வரி இருக்கும். பொருள் இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில் விற்கப்படுகிறது என்பதே அது. வேனை எடுத்த மறுநாள் கியர் பெட்டி உடைந்தாலும் ஏலக்காரர் பொறுப்பல்ல என்று அதற்குப் பொருள். திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே படத்தைப் பார்த்து ஏலம் கேட்பவர், மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்தே தாலி கட்டச் சம்மதிப்பவரைப் போன்றவர்.

முறையான ஏல நிறுவனங்கள், ஏல நாளுக்கு முன் வண்டிகளை நேரில் பார்க்க நாள் ஒதுக்குகின்றன. ஒரு நாள் வேலை போனாலும் போகட்டும், போய்ப் பாருங்கள். வண்டியைத் தெரிந்த ஒரு போர்மனை, அவருடைய நாள் கூலியைக் கொடுத்தே அழைத்துப் போங்கள். சொந்தக்காரர் என்று சும்மா கூப்பிட்டால், அவரும் சும்மாதான் பார்ப்பார். வண்டியை ஓட்டிப் பார்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். இயந்திரத்தைக் கிளப்பிப் பார்க்க விடுவதுண்டு. கிளப்பும் முன் இயந்திரத்தின் மேல் கையை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், காலையிலேயே யாரோ கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது கிளம்பச் சிரமப்படும் வண்டியாக இருக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பால் கலந்த காப்பியைப் போல் வெளுத்துக் குழம்பியிருந்தால், எண்ணெயில் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

பழைய நிசான் வனெட், தொயோத்தா ஹயஸ் போன்ற வேன்களில் இயந்திரம் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். சிலர் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பிவிடுகிறார்கள். பின்னால் சாமான் ஏற்றும் இடத்தில் விரித்திருக்கும் விரிப்பை உரித்துப் பாருங்கள். மீன் ஏற்றிய வேனாக இருந்தால் உப்புநீர் இறங்கித் தரை அரித்துப் போயிருக்கும். பக்கக் கதவைப் பலமுறை இழுத்து மூடுங்கள். டயரின் பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பளபளவென்று கறுப்புப் பூசிய டயர், பல வருடப் பழசாக இருப்பதுண்டு. ஓடிய தூரம் 80,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டும். கால் மிதிக்கும் பெடலின் ரப்பரோ தேய்ந்து இரும்பு தெரியும். இரண்டில் ரப்பரை நம்புங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரங்களில் வெள்ளம் வந்தபோது ஆயிரக்கணக்கான வாகனங்கள் நீரில் மூழ்கின. மழைக்காலம் தோறும் நாட்டின் வேறு பகுதிகளிலும் இப்படி நடக்கிறது. கழுவிக் காயவைத்து வாசனைத் தைலம் அடித்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது. ஆனால் இருக்கையின் பாதுகாப்பு வாரை முழுவதும் வெளியே இழுங்கள். வழக்கமாகச் சுருண்டிருக்கும் கடைசிப் பகுதியைக் கழுவ யாரும் நினைப்பதில்லை. அங்கே சேற்றுக் கோடு இருக்கும். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் திருகாணிகளில் துருவும், உபரி டயர் வைக்கும் இடத்தில் வண்டலும் இருக்கும். கதவை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே ஐந்து நிமிடம் உட்கார்ந்தால், ஈரக் கோணியின் நாற்றம் தானே வரும். இதற்கு போர்மன் வேண்டாம், தாய்மார்களின் மூக்கே போதும்.

அடுத்தது எண்கள். வண்டியின் உடலில் பொறித்த சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் கிராண்டில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி உருக்கி ஒட்டிய தடமோ புதுச் சாயமோ இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். இரண்டு வண்டிகளை வெட்டி ஒன்றாக ஒட்டும் வேலையும் நடந்திருக்கிறது.

இப்போது கணக்கு. உங்கள் கையில் 15,000 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதை அப்படியே ஏலத்தில் கேட்கலாமா? கூடாது. ஏல நிறுவனத்தின் கட்டணத்துக்கு 800 வெள்ளி ஒதுக்குவோம். வேனை இழுத்துவரும் லோரிக்கு 400, பரிசோதனைக்கும் பெயர் மாற்றத்துக்கும் 200, காப்புறுதிக்கும் சாலை வரிக்கும் 1,200. டயர்கள் 800, பேட்டரி 250, எண்ணெய், பிரேக், பெல்ட் எல்லாம் சேர்ந்து 1,000. போர்மன் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே இருக்கும் பழுதுக்கு 2,000. இவை எடுத்துக்காட்டுக்குச் சொன்ன தொகைகள். உங்கள் ஊரில் விசாரித்து உங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டினால் 6,650 வெள்ளி. ஆக, 15,000 வெள்ளி உள்ளவர் ஏலத்தில் கேட்கக்கூடிய உச்சத் தொகை 8,350 வெள்ளிதான்.

இந்தத் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். தாளை வீட்டு அம்மாவிடம் கொடுங்கள். இது வேடிக்கைப் பேச்சு அல்ல. கோயில் ஏலத்தில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று முடிந்துவிடும். தொலைபேசி ஏலங்கள் பலவற்றில், கடைசி நிமிடத்தில் ஒருவர் விலையை ஏற்றினால் கெடு இன்னும் சில நிமிடம் நீள்கிறது. மறுபடி ஏற்றினால் மறுபடி நீள்கிறது. இன்னும் 200 வெள்ளிதானே, இன்னும் 200 வெள்ளிதானே என்று விரல் அமுக்கிக்கொண்டே போகும். எதிரே கேட்பவர் யார் என்றும் தெரியாது. அவர் நான்கு பட்டறைக்குச் சொந்தக்காரராக இருக்கலாம். 2,000 வெள்ளிப் பழுதை அவர் 300 வெள்ளியில் சரிசெய்துவிடுவார். அவர் கட்டக்கூடிய விலை நமக்குக் கட்டாது. உச்ச விலையை முன்கூட்டியே பதிந்துவிட்டால், இயந்திரமே படிப்படியாக அதுவரை கேட்கும் வசதி சில ஏலங்களில் உண்டு. அதைப் பதிந்துவிட்டுத் தொலைபேசியை மூடி வைப்பது உத்தமம். கிடைக்கவில்லை என்றால் அடுத்த வாரமும் வேன் வரும். ஏலத்தை எடுத்த பிறகு மனம் மாறினால், கட்டிய முன்பணம் திரும்பாது.

முன்பணம் என்றதும் எச்சரிக்கை ஒன்று. ஏல நிறுவனம் என்று பெயர் போட்டுக்கொண்டு, வண்டியே இல்லாமல் படத்தை மட்டும் காட்டிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். நேரில் பார்க்க இடம் சொல்லாதவரிடமும், நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்பவரிடமும் ஒரு காசும் கொடுக்காதீர்கள். கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் சரிபார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லும். பணம் போட்ட பின் மோசடி என்று தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

ஏலம் நம் பெயரில் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். மீதிப் பணத்தைச் சில நாட்களுக்குள் முழுவதும் கட்ட வேண்டும். குறித்த நாளுக்குள் வண்டியை எடுக்காவிட்டால் நாள் கணக்கில் வாடகையும் ஏறும். பணம் கட்டிய இரசீது, வங்கி தன் உரிமைக் கோரிக்கையை விட்டுக்கொடுத்ததற்கான கடிதம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். காப்புறுதி இல்லாமல் வேனை ஓட்டி வரக் கூடாது. லோரியில்தான் கொண்டு வர வேண்டும். பிறகு புஸ்பாகோம் போன்ற அனுமதி பெற்ற நிலையத்தில் பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனை. அதன் பின் ஜே.பி.ஜே. என்று நாம் சொல்லும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றம். பழைய சம்மன்கள் நிலுவையில் இருந்தால் மாற்றம் தடைப்படலாம். அதை யார் கட்டுவது என்பதை ஏலத்துக்கு முன்பே நிபந்தனையில் படித்துவிட வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக் கூலி வாங்கலாம் என்று நினைப்பவர்கள், வேனைத் தேடும் முன்பே தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டிடம் அனுமதி பற்றி விசாரியுங்கள். சாதாரணத் தனியார் வேனும் சாதாரண ஓட்டுநர் உரிமமும் அதற்குப் போதா.

கடைசியாக, கிராண்டு யார் பெயரில் என்ற கேள்வி. பணம் அம்மாவின் சேமநிதி, ஓட்டுவது மருமகன், பெயரோ பட்டணத்தில் இருக்கும் மூத்த மகனுடையது என்று பல வீடுகளில் நடக்கிறது. சம்மன் வந்தால் பதிவில் உள்ளவர் வீட்டுக்குத்தான் வரும். வேனை விற்கவும் அவர் ஒப்புதல் வேண்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், வாரிசுப் பத்திரம் முடியும்வரை வேன் அசையாது. யார் பெயர் என்பதை ஏலத்தில் பதிந்துகொள்ளும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். ஏலத்தை எடுத்தவர் பெயருக்கே மாற்றுவது வழக்கம். பிறகு இன்னொருவர் பெயருக்கு மாற்ற, மறுபடியும் கட்டணம்.