இழையும் பிசினும் சேர்ந்தால்



தேயிலைப் பெட்டியை நம் வீட்டு மூத்தவர்கள் நன்றாக அறிவார்கள். காகிதச் சாக்குகள் வருவதற்கு முன், கேமரன் மலையானாலும் நுவரெலியாவானாலும், தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான் ஊர்விட்டு ஊர் போயிற்று. அந்தப் பலகையின் கனம் சில மில்லிமீட்டர்தான். அப்படியிருந்தும் நாற்பது ஐம்பது கிலோ தூளைச் சுமந்துகொண்டு கப்பலில் ஏறி இறங்கியது. இது எப்படி முடிந்தது?

மரத்தை ரேகையின் போக்கில் பிளப்பது எளிது. குறுக்கே முறிப்பது கடினம். விறகு வெட்டியவர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டுப்பலகையில் ஓர் ஏட்டின் ரேகை நெடுக்காகவும் அடுத்ததன் ரேகை குறுக்காகவும் இருக்கும்படி அடுக்கி, பசையிட்டு அழுத்துகிறார்கள். ஒன்று பிளக்கப் பார்க்கும் திசையில் மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. இன்று நாம் பேசப்போகும் கண்ணாடி இழைப் பொருள்களுக்கும் இதே சூட்சுமம்தான்.

கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, மீன்பிடிப் படகு, சில தலைக்கவசங்கள் ஆகியவற்றைப் 'பைபர்' என்கிறோம். இவற்றில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, உருக்கிய கண்ணாடியிலிருந்து இழுத்த இழை. அது தலைமயிரைவிட மிக மெல்லியது. மற்றொன்று, திரவமாக ஊற்றப்பட்டு இறுகிப்போகும் செயற்கைப் பிசின்.

கண்ணாடி உடையுமே, அது எப்படிப் பலம் தரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன்மேல் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். இழை மெலிய மெலியப் பெரிய கீறல்களுக்கு இடமில்லாமல் போகிறது, பலம் ஏறுகிறது. இதை இங்கிலாந்தில் கிரிஃபித் என்ற பொறியாளர் 1920-இல் ஆராய்ந்து காட்டினார். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சாதாரண இரும்புக் கம்பி ஏறத்தாழ 40 கிலோ பாரத்தில் அறும். அதே அளவு புதிய கண்ணாடி இழைகள் 300 கிலோவுக்கும் மேல் தாங்கும். எடையோ இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. பிசின் மட்டும் தனியாக இருந்தால் ஐந்தாறு கிலோவில் அறுந்துவிடும்.

அப்படியானால் பிசின் எதற்கு? ஒரு கத்தை நூலை நட்டுவைத்தால் நிற்குமா? இழைகளை இடம் பெயராமல் பிடித்து, ஒன்றின் பாரத்தை அடுத்ததற்குக் கைமாற்றுவது பிசினின் வேலை. எல்லா இழைகளையும் ஒரே திசையில் வைத்துச் செய்த தகடு அத்திசையில் சுமார் 100 கிலோ தாங்கும். குறுக்கே இழுத்தால் நான்கு கிலோவிலேயே பிரிந்துவிடும். தொட்டிகளுக்குத் துண்டு இழைகளை எல்லாத் திசையிலும் பரப்புகிறார்கள். அப்போது எப்பக்கமும் சுமார் 10 கிலோ பலம் கிடைக்கிறது. குறைவுதான், ஆனால் தண்ணீர் எப்பக்கமும் தள்ளுவதால் தொட்டிக்கு அதுவே பொருத்தம்.

இழைக்குப் பதில் தூளைக் கலப்பதும் உண்டு. பழைய சமையல் பாத்திரங்களின் கறுப்புக் கைப்பிடி, மரத்தூள் கலந்த பேக்லைட் பிசினால் ஆனது. பல் வைத்தியர் சொத்தைப் பல்லில் அடைக்கும் வெள்ளைப் பொருளும் பிசினில் கண்ணாடித் தூள் கலந்ததே. தூள் கடினத்தையும் தேயாமையையும் தரும். இழுவையைத் தாங்குவதில் இழைக்கு ஈடாகாது. பல் அழுத்தப்படுகிறது, ஆகவே அங்கே தூள் போதும். அடியும் வளைவும் தாங்கவேண்டிய இடத்தில் இழைதான் வேண்டும்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் இத்துறையில் கைதேர்ந்தவர். 1980 ஜூலை 18-இல் அவர் தலைமையில் பறந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் மேல்நிலை உறைகள் இழையும் பிசினும் சேர்ந்தவை. நமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில் இளம்பிள்ளை வாதக் குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் கவசங்களைக் காலில் கட்டி இழுத்து நடந்தார்கள். கலாமின் குழுவினர் கலப்புப் பொருளால் சுமார் 300 கிராம் எடையில் அதைச் செய்துகொடுத்தார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறும் சாலையின் வளைவுகளில் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். இந்நாட்டில் தலைக்கவசம் 1973-இல் கட்டாயமாயிற்று. இரும்புச் சட்டி அடிபட்டால் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். இழைக் கவசம் அப்படியல்ல. உள்ளே இழைகள் முறிந்து, அடுக்குகள் பிரிந்து, அந்த முறிவிலேயே அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. வெளிச்சாயமோ பளபளவென்றே இருக்கும். உள்ளிருக்கும் நுரையும் நசுங்கியிருக்கும். ஆகவே ஒருமுறை பலமாக விழுந்து அடிபட்ட கவசத்தை, விலையைப் பார்க்காமல், தூக்கிப் போட்டுவிட வேண்டும். தம்பிக்கு ஆகட்டும் என்று எடுத்துவைக்காதீர்கள்.

தொட்டியின் சங்கதி வேறு; அதைப் பழுதுபார்க்கலாம். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போல ஒரு நாணயத்தால் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்னும். அடுக்குப் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, விரிசலைத் தாண்டிச் சில அங்குலம் எல்லாப் பக்கமும் படியும்படி இழைத்துணியை வைத்துப் பிசின் பூசவேண்டும். தேய்க்கும்போது எழும் தூள் நெஞ்சுக்கு ஆகாது, முகமூடி அணியுங்கள். பிசினை இறுகவைக்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நம் மலையின் ஈரமும் குளிரும் இந்த வேலைக்குப் பகை. நனைந்த பரப்பில் பிசின் பிடிக்காது. குளிரில் இறுக நேரம் எடுக்கும். தொட்டியை வடித்து, நன்றாக உலர்ந்த நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பிசின் முழுதும் இறுகி வாடை போன பிறகு, கழுவிவிட்டுத் தண்ணீர் நிரப்பலாம்.